மோசமான ரோடு

"அண்ணே, இங்க மோசமான ரோடு எங்க இருக்கு?"

ஆற்றிக்கொண்டிருந்த டீ
அந்தரத்தில் ஒரு நொடி தயங்கி
மறு டம்ளரில் விழுந்தது.
பத்திரக்கோட்டை தாண்டி, முந்திரிக்காடு தொடங்கும் முனை.
என் ஹெல்மெட்டையும் முழங்கால் கவசத்தையும்
ஏற இறங்கப் பார்த்தார் கடைக்காரர்.
"பதினோரு வருசமா நாங்க கலெக்டர் ஆபீஸ்ல
நல்ல ரோடு கேட்டு நிக்கிறோம்.
நீ ஒருத்தன்தான் இத இப்படியே கேட்டு வந்திருக்க."
டீக்குக் காசு வாங்கவில்லை.
சிரிப்புக்குக் கழித்துக்கொண்டார் போல.

சிப்காட்டில் கழிவுநீரின் அமிலம் அளப்பவன் நான்.
ஆறு நாளும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு எண்.
சனி இரவுகளில்
செயற்கைக்கோள் படத்தை விரலால் அகற்றி அகற்றி
பச்சைக்குள் ஒரு மயிரிழை தேடுவேன்.
வாய்க்காலா, வண்டித்தடமா,
போன் கண்ணாடியின் கீறலா,
போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

தாழங்குடா மணல்மேட்டைச் சுற்றி வேலி வந்துவிட்டது.
கேப்பர் மலைச் செம்மண் சரிவில்
வெள்ளையடித்த மனைக்கற்கள், மஞ்சள் கொடிகள்.
கோடைக் கெடிலத்தில் கொஞ்சம் மணல் மிச்சம்,
அதிலும் ஓட்டிப் பழகிய மரிய லூயிஸ்
கழுத்தெலும்பு உடைந்த நாளிலிருந்து வருவதில்லை.
புதுச்சேரியிலிருந்து குரல் செய்தி மட்டும் அனுப்புவான்:
"மணல்ல முன் பிரேக்கத் தொட்டா
அந்தக் கைய வெட்டிப்போடு."

டயரில் காற்றைப் பதினெட்டுக்கு இறக்கினேன்.
எழுந்து நின்றேன்.
முட்டி மடங்க, முழங்கை விரிய,
இடுப்புக்குக் கீழே வண்டி தன் பாட்டில் நெளிய விட்டேன்.
தாரில் முனகிக்கொண்டே வந்த டயர்
மண்ணைத் தொட்டதும் வாயை மூடியது.
விழுந்து கிடந்த முந்திரிப்பழங்கள்
ரப்பர் பற்களில் நசுங்க நசுங்க
சாராயத்துக்குப் பக்கத்து வீட்டு வாசம்.
தாழ்ந்த கிளைக்குக் குனிந்தேன்.
திருப்பத்தில் மாவு மணல்.
தொட்டேன், முன் பிரேக்கை.

வானம் இலைகளாய்க் கொஞ்ச நேரம்.
பின் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"அடி பட்டுச்சா?"
கொட்டை பொறுக்கிய கையோடு ஓர் அம்மாள்.
கேட்டுக்கொண்டே பின்கம்பியைப் பிடித்துவிட்டார்.
இருவருமாய் நூற்று அறுபது கிலோவை நிமிர்த்தினோம்.
"ஆம்புலன்சே வராத வழி. எதுக்கு வந்த?"
"சும்மா."
"சும்மாவா!"
அந்தச் சொல்லை ஒரு சொத்தைக் கொட்டைபோலத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார் பூங்காவனம்.

அவருக்கு அவசரம் இருந்தது.
பத்து மணிக்குள் எடைபோட்டால் ஒரு விலை,
யாவாரி கிளம்பிவிட்டால் அவன் சொன்னதுதான் விலை.
சாக்கைக் குறுக்கே கிடத்தி,
அதன்மேல் ஒருக்களித்து உட்கார்ந்து
என் தோளைப் பிடித்துக்கொண்டார்.
இனி நின்று ஓட்ட முடியாது.
அவர் சொன்ன இடத்தில் மெதுவானேன்,
சொல்லாத பள்ளத்தில் மன்னிப்புக் கேட்டேன்.
விழாமல் நான் கடந்த முதல் மணல் அதுதான்.
எடை என்கிறான் மரிய லூயிஸ்,
பின்னால் எடை இருந்தால் வண்டி நேராகப் போகும்.

தார் தொடங்கும் இடத்தில்
ஜல்லிக் குவியலும் புதுப் பலகையும்.
இறங்கியவர் பலகையைத் தட்டிக்கொடுத்தார்,
மாட்டைத் தட்டுவது மாதிரி.
"மழைக்குள்ள போட்டுடுவாங்க.
அப்புறம் நீ வேற காடு பாத்துக்க."

வீட்டில் வண்டியைக் கழுவினேன்.
இருக்கையில் முந்திரிச்சாற்றுக் கறை,
சோப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் அசையவில்லை.
அளக்கத் தோன்றவுமில்லை.

இரவு மறுபடி அந்தப் படம், அந்த மயிரிழை.
அடுத்த கோடையில் அது தடித்துக் கறுத்து
ஒரு பெயரும் வாங்கியிருக்கும்.
இந்த வருடம் மழை முந்திக்கொண்டு வரட்டும்,
ஜல்லி அப்படியே கிடக்கட்டும் என்று
ஒரு கணம்,
ஒரே ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

பூங்காவனத்திடம் சொல்லிவிடாதீர்கள்.