கிழக்கு எந்தப் பக்கம்

ஏழேகால் ஆகியும் விடியாத ஊர் இது.
ஜெலுத்தோங் அடுக்குமாடி, பதினோராவது தளம்.
நடைபாதையில் மூன்று செங்கல் வைத்துவிட்டு
நேசமலர் என்னைக் கேட்கிறார்:
"எங்கம்மா கிழக்கும்பாங்க, மாமியார் வடக்கும்பாங்க.
நீங்க ஊர்லேர்ந்து வந்தவரு, சொல்லுங்க,
பானை எந்தப் பக்கம் பொங்கி வழியணும்?"

பயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
வெப்பமானிகள் பொய் சொல்கின்றனவா என்று
பார்த்துவிட்டுப் போக வந்தவன் நான்.
கடவுச்சீட்டில் முப்பது நாள் முத்திரை.
பால் எத்தனை டிகிரியில் பொங்கும் என்று கேட்டிருந்தால்
தசமப் புள்ளிக்குப் பின்னாலும் சொல்லியிருப்பேன்.
பெரம்பூரில் எங்கள் வீட்டுப் பொங்கல்
குக்கரில் மூன்று விசில்.
நான்காவது அடித்தால் அம்மா திட்டுவாள்.
அவ்வளவுதான் சடங்கு.

இதை இவர்களிடம் எப்படிச் சொல்ல?
நேற்றுத்தான் குணாளன் சந்தையில்
இரண்டு முழுக்கரும்பு வாங்கினான்.
"அடுத்த மாசம் எங்க சாமிக்கும் இதே கரும்புதான்,
அப்ப விலை ஏறிடும்" என்று
விற்ற சீனக்காரர் மலாயில் சொன்னதை
எனக்கு மட்டும் தமிழாக்கினான்.
லிஃப்டுக்குள் கரும்பு நுழையவில்லை.
முன்னால் அவன், பின்னால் நான்,
பதினோரு மாடியும் படியேறினோம்.
வளைவுகளில் தோகை சுவரை உரசும்,
ஏதாவதொரு கதவு திறக்கும்,
ஏதாவதொரு மொழியில்
"ஓ, பொங்கல்" என்று மூடிக்கொள்ளும்.

"கிழக்கு" என்றேன், குத்துமதிப்பாக.

எது கிழக்கு?
குணாளன் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்தான்.
முள் தள்ளாடி லிஃப்டைக் காட்டியது.
அதற்குள் விறகு புகைந்தது,
நான் வேலை பார்க்கும் இடத்தில் சரக்குப் பலகை உடைத்த விறகு.
கீழ்த்தளத்தில் புதிதாகக் குடிவந்த யாரோ
புகையைப் பார்த்துச் சிவப்புப் பெட்டியின் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள்.
கட்டடம் முழுக்க மணி அலறியது.

படிகளில் ஓடிவந்தான் காவலாளி லோக்ராஜ்,
தோளில் தீயணைப்புக் குடுவை.
ஊசியைப் பிடுங்கப் போன விரல்
பானையைப் பார்த்து நின்றது.
மஞ்சள் கொத்து. கரும்பு. மாக்கோலம்.
மூச்சு வாங்கியபடி
மலாய் பாதி, இந்தி பாதி, மீதியைக் கையால் சொன்னான்:
இன்றைக்கு அவன் ஊரிலும் பண்டிகை,
கிழங்கு, எள், நெய்.
ஜாப்பாவில் கொஞ்சம் நெல்வயல்.
அறுப்பை அண்ணன் வீடியோவில் காட்டினான்,
நெட் விட்டுவிட்டு வந்ததில்
பாதி வயல்தான் அறுத்தாற்போல் இருந்ததாம்.
இடது சுண்டுவிரலை நீட்டினான்.
குறுக்கே, அரிவாள் இழுத்த வெள்ளைக் கோடு.

குந்தி உட்கார்ந்து
ஒரே ஒரு விறகை வெளியே இழுத்தான்.
புகை அடங்கித் தீ எழுந்தது.
கிழக்கை யாரும் அவனிடம் கேட்கவில்லை.
முகவாயைத் தூக்கிக் காட்டினான்,
கடலுக்கு அந்தப் பக்கம்,
பிறை என்று பெயர் வைத்திருக்கும் ஊரின்
புகைபோக்கிகளுக்கு நேராக.
வருஷம் முழுக்க இரவுப் பணி.
எங்கே விடியும் என்று
அவனுக்கா தெரியாது?

சொன்னபடி வந்தது சூரியன்.
சொன்னபடி வரவில்லை பானை.
கிழக்கும் இல்லை, வடக்கும் இல்லை,
நேரே என் செருப்பின் மேல் பொங்கியது.
"பொங்கலோ பொங்கல்!"
மணி இன்னும் நிற்கவில்லை, அதற்கு மேலே கத்தினார்கள்.
நானும் கத்தினேன். எனக்கே புதிதாக இருந்தது குரல்.
இத்தனை வருஷம்
எனக்காகக் குக்கர்தான் கத்தியிருக்கிறது.

முதல் கிண்ணம் லோக்ராஜுக்கு.
நின்றபடியே ஊதி ஊதித் தின்றான்.
பதிவேட்டில் காரணம் என்ன எழுத என்றான்.
"சமையல்" என்றான் குணாளன்.
லோக்ராஜ் கொஞ்சம் யோசித்து
வேறு ஏதோ எழுதினான், அவன் எழுத்தில்.
எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை.

இரண்டாவது கிண்ணத்தை ஏந்திக்கொண்டு
இறங்கிப் போனவன் குடுவையை மறந்துவிட்டான்.
மாலை வரை கரும்புக்குப் பக்கத்திலேயே
சிவப்பாக நின்றது அது.
நேசமலர் அதற்கும்
சந்தனம் தொட்டு ஒரு பொட்டு வைத்தார்.