இருபத்தொன்பது

புதுவயல் மில்லில் நான் உமி தள்ளும் கொதிகலனுக்கு
மானி உண்டு, சிவப்புக் கோடு உண்டு,
கோட்டைத் தாண்டினால் ஊத விசில் உண்டு.
மிளகாய் விதைக்கு அப்படி ஏதும் கிடையாது.

திமாப்பூருக்கு லோடு அடித்துத் திரும்பிய ரெத்தினவேலு
பஸ் டிக்கெட்டில் மடித்துக் கொடுத்தான்,
பதினான்கு விதை.
"பழத்தைக் கடிச்ச கிளீனரு
மறுநாள் மத்தியானந்தாண்ணே வாயத் தொறந்தான்."
இதற்கு மேல் என்ன சிபாரிசு வேண்டும்?
"கொதிக்கவும் கூடாது, குளிரவும் கூடாது,
இதமா இருக்கணும்" என்றான் வண்டியைக் கிளப்பிக்கொண்டே.
இதம் என்பது எத்தனை டிகிரி என்று
கேட்பதற்குள் லாரி கண்டனூர் சாலையில் திரும்பிவிட்டது.

முதல் நாலை ஈரத்துணியில் சுற்றிக்
கொதிகலன் சுவருக்கு நாலடி தள்ளி வைத்தேன்.
ஷிஃப்ட் முடிந்து பிரித்தால்
துணி அப்பளம்.
விதைகள் தாளிப்பில் விழுந்து எழுந்தவை.

அடுத்த நாலு வீட்டில்,
அடுப்படி ஜன்னலோரம், தயிர் டப்பாவுக்குள்.
மார்கழி.
நாங்கள் வாடகைக்கிருக்கும் பின்கட்டைக் கட்டியவர்கள்
சித்திரையை மட்டுமே நினைத்துக் கட்டியிருக்கிறார்கள்.
முழங்கையை விடத் தடித்த சுவர்,
கால் வைத்தால் சுருக்கென்று ஏறும் ஆத்தங்குடிக் கல்.
வெயில் உள்ளே வரக் கூடாது என்பதற்கு
எத்தனை செலவு!
பதினோராம் நாள் நோண்டிப் பார்த்தேன்.
வழவழவென்று மூன்று.
நாலாவது பூசணம் பூத்திருந்தது.

மகளுக்கு வாங்கிய காய்ச்சல்மானியை மண்ணில் குத்தினேன்.
முப்பத்திரண்டுக்குக் கீழே அதற்கு எண்ணே தெரியாது.
லோ, என்றது.
பீரோ மேல் லோ. டிவிக்குப் பின்னால் லோ.
சாமி விளக்கின் பக்கத்தில் ஹை.
அரிசி டிரம்முக்குள் லோ.
காய்ச்சல் இல்லாத எதுவும்
அதன் கணக்கில் உயிரில்லை போல.

பஞ்சவர்ணம் துவைத்த துணியை மடித்துக்கொண்டே
பார்த்துக்கொண்டிருந்தாள்.
"கார்த்திகையிலேருந்து வீட்டுல மாவு
எங்க பொங்குதுன்னு பாத்திருக்கியளா?"
இல்லை.
தினமும் ஆறு இட்லி தின்றிருக்கிறேன்.

இன்வெர்ட்டருக்கும் சுவருக்கும் நடுவில்,
ஒரு பழைய சட்டை (என்னுடையது) போர்த்தி,
மாவுத் தூக்கு.
காய்ச்சல்மானி அங்கேயும் லோ என்றது.
அதை நம்பாமல்
ஊறல் தொட்டிக்கு வைத்திருக்கும் கண்ணாடி மானியை
மில்லிலிருந்து பனியனுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தேன்.
இருபத்தொன்பது.
நடு இரவில் இருபத்தெட்டு.
கரண்ட் போய் வந்த அன்று மட்டும் முப்பத்தொன்று.

மிச்சம் ஆறு விதை, தூக்குக்குப் பக்கத்தில்.
இடம் பத்தாது. ஒருநாள் மாவு பொங்கி வழிந்து
டப்பா மூடியில் உறைந்திருந்ததாம்.
துடைத்துவிட்டு அவள் சொல்லவில்லை,
நான் மாற்றி வைத்துவிடுவேன் என்று.

எட்டாம் நாள் ஒரு வெள்ளைக் கொக்கி.
தலைமுடி அகலம்கூட இல்லை.
கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன்,
கழற்றிப் பார்த்தேன்,
பிறகு மகளைக் கூப்பிட்டு
"இருக்குல்ல?" என்றேன்.

அன்றிரவு நாற்பது மூட்டை.
ஊறிய நெல்லை இன்னும் இரண்டு நாள் விட்டால்
அதுவும் கொக்கி நீட்டும். விடமாட்டோம்.
நீராவியைத் திறந்தால்
அவிந்த நெல் அப்புறம் எந்த மண்ணிலும் முளைக்காது.
அதற்குத்தான் சம்பளம்.
பதினாறு வருஷமாக இதை நான் யோசித்ததில்லை,
இன்றும் நீளமாக யோசிக்கவில்லை,
போன் அடித்தது.

"இன்னொன்னு வந்திருக்கு.
விதைத் தோலைத் தொப்பியாட்டம் மாட்டிக்கிட்டு
கழட்ட முடியாம நிக்கிது. பிச்சு விடவா?"
"வேண்டாம் வேண்டாம், தலை வந்துரும்.
எச்சிலைத் தொட்டு வை, ஊறட்டும்."
"எத்தனை சொட்டு?"
சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் விசில் ஊதியது.