சிவக்கும் முன்

தில்லைவிளாகத்தில் எங்கள் கொல்லை இரண்டு மா.
பாதி உவர். கைப்பம்புத் தண்ணீரில்
சோப்பு நுரைக்காது.
மாங்கன்று மூன்று, சப்போட்டா ஒன்று,
ஆசையாய் வாங்கி வந்த மாதுளை,
எல்லாம் இலைநுனி கருகி
ஒரே கோடையில் போய்ச் சேர்ந்தன.

களாவைப் பழத்துக்கென்று வைக்கவில்லை.
ஜெயக்கொடி வீட்டு ஆடுகளுக்காக வைத்தேன்.
விதையைக் காயவிடாதே, அன்றே ஊன்று என்றார்கள்.
ஊன்றியது நாற்பத்திரண்டு.
முளைத்தது பத்தொன்பது.
இரண்டு வருடம் முழங்கால் உயரத்தில் நின்று
என்னதான் யோசித்ததோ.
மூன்றாம் மாசியில்
மல்லிகையிடம் வாசனை கடன்வாங்கியது போல
வெள்ளையாய்ச் சில பூ.
ஆடுகள் ஒரு தடவை வந்தன,
மூக்கை மண்ணில் தேய்த்துக்கொண்டு போயின.

புயலடித்த இரவு
தென்னை பதினொன்று சாய்ந்தது.
சமையற்கட்டுத் தகரம் வாய்க்காலைத் தாண்டிப் பறந்தது.
விடிந்து பார்த்தால்
வேலி நின்ற இடத்தில் வேலி,
கவட்டு முள்ளில் யாருடையதோ
ஒரு பச்சைப் பாவாடை.

ஹாஜா மைதீன் அதற்கப்புறம்தான் வந்தார்,
பேக்கரி மாவு ஒட்டிய ஸ்கூட்டரில்.
"செர்ரிக்கு வேணும்" என்றார்.
கிலோ முப்பத்தைந்து. ஒரே நிபந்தனை,
சிவக்கும் முன் பறித்துவிட வேண்டும்.
கொட்டை எடுத்து, உப்பில் ஊறப்போட்டு,
வெளுத்த பிறகு பாகில் இறக்கி
அவர் சிவப்பாக்கிக்கொள்வார்.
தானாகவே சிவக்குமே என்றேன்.
"அந்தச் சிவப்பு நிக்காதும்மா."

மேட்டூர் திறந்து முப்பது நாள்.
நீடாமங்கலம் தாண்டிவிட்டதாம்.
எங்கள் வாய்க்காலுக்குத்
தண்ணீருக்கு முன்னால் எப்போதும் தகவல் வரும்.
வெடித்த வரப்பில் சாக்கை விரித்து
நானும் செல்வராணியும் பறிக்கிறோம்.
கன்னத்தில் லேசாக ரோஸ் ஏறியதும் பிடுங்கல்.
காம்பில் கசியும் பால் விரல்களை ஒட்டவைக்கிறது,
தேங்காயெண்ணெய் தொட்டால்தான் பிரிகின்றன.

சின்னவன் பிறந்தநாள் கேக்கின் நடுவில்
கண்ணாடிச் சிவப்பாய் ஒன்று.
நம்ம வேலிக் களாடா என்றேன்.
"போம்மா, பொய்."
ஆனாலும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
எங்கே முள் என்று.

கீழ மூலையில் நாலு செடியை நான் தொடுவதில்லை.
அவை தம் பாட்டுக்குச் சிவந்து,
சிவப்பு முற்றிக் கறுத்து,
சின்னான்கள் கொத்தியது போக
மிச்சம் மண்ணில் விழுகிறது.
சில சாயங்காலம் உப்புத் தொட்டு
நின்றபடியே நாலைந்து தின்பேன்.
புளிப்பில் ஒரு கண் மூடிக்கொள்ளும்.

"அதையும் பறிக்கலாமே" என்கிறார் ஹாஜா மைதீன்,
தராசைத் தூக்கிப் பிடித்தபடி.

அது வேலி பாய், என்கிறேன்.