உள்ளேன்

கண்ணை மூடிக்கொண்டே
எந்த அரிசி ஆலையின் சங்கு என்று சொல்வேன்.
புதுவயலில் எல்லாச் சங்கும் எனக்குத் தெரியும்.
அதனால் எனக்குப் பெயர் ரோபோ.
தேனப்பன் வைத்தது.

எட்டாம் வகுப்பு முழுக்க
என் காதருகே ஜாமெட்ரி பாக்ஸைத் தட்டினார்கள்.
மேஜைக்கடியில் போய்விடுவேன்.
அறுபத்துமூன்று தடவை போயிருக்கிறேன்.
"விளையாட்டுக்குத்தானேடா" என்றார் சார்.
விளையாட்டு என்றால் விதி இருக்கும்.
இதன் விதியை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒன்பதாம் வகுப்பில்
சாக்கோட்டையிலிருந்து சேவுகன் வந்து சேர்ந்தான்.
வருகைப் பதிவில் அவன் பெயர் வரும்.
உள்ளேன் ஐயா என்பதற்கு முன்
உ உ உ என்று நிற்பான்,
மேடேறும் நெல் வண்டி மாதிரி.

தேனப்பன் என் தோளில் கைபோட்டான்.
தொட்டால் எனக்குப் பிடிக்காது.
அன்று பொறுத்துக்கொண்டேன்.
"எண்ணுடா. நீதான் கரெக்டா எண்ணுவே."

எண்ணினேன். சத்தமாக.
திங்கள் ஏழு, செவ்வாய் ஒன்பது,
புதன் பதினொன்று.
வகுப்பே சிரித்தது.
சிரிப்பு என் மேல் விழாமல்
என்னைத் தாண்டிப் போவதை
அன்றுதான் முதலில் கேட்டேன்.
நன்றாக இருந்தது.
பொய் சொல்ல எனக்கு வராது,
நன்றாகத்தான் இருந்தது.

வியாழன் அவன் பெயருக்குப் பதில் இல்லை.
வெள்ளியும்.
தலைமையாசிரியர் வந்து
"எண்ணியது யார்?" என்றார்.
முப்பத்தெட்டுப் பேர் தரையைப் பார்த்தார்கள்.
நான் எழுந்து "நான்" என்றேன்.
தேனப்பன் பெயரைச் சொல்லவில்லை.
அவர் கேட்டது, எண்ணியது யார் என்றுதான்.

அம்மா கையெழுத்துப் போட்ட தாளில்
துன்புறுத்தியவர்: வ. சாத்தையா.
புரட்டிப் பார்த்தேன்.
அறுபத்துமூன்றை எழுத இடம் இருக்குமோ என்று.
பின்பக்கம் வெள்ளை.

சனிக்கிழமை சைக்கிளில் சாக்கோட்டை போனேன்.
சேவுகன் களத்தில்
காலால் நெல் துழாவிக்கொண்டிருந்தான்.
முகம் பார்த்துப் பேச எனக்கு வராது.
நெல்லைப் பார்த்துச் சொன்னேன்:
"எண்ணிக்கை சரி.
எண்ணினது தப்பு."

அவன் வாயைத் திறந்தான்.
போ, என்றான். போ. போ.

போ என்றால் போய்விட வேண்டும்.
சைக்கிளைத் திருப்பினேன்.
பிறகு தோன்றியது,
அது ஒரு சொல்லின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

நின்றேன்.
வெயில் ஏறியது. கோழி ஒன்று
களத்துக்குள் வந்து கொத்திவிட்டுப் போனது.
அவன் இன்னும் முடிக்கவில்லை.

எத்தனை போ என்று எனக்குத் தெரியும்.
சொல்ல மாட்டேன்.