எழுபத்து மூன்றாம் சொல்

ஒரே நூறு சொற்கள். நான்கு தடவை.
புறப்படும் முன், மூன்றாம் மாதம், ஒன்பதாம் மாதம்,
திரும்பி வந்து நான்கு வருடம் கழித்து.
இடப்பக்கம் போர்த்துகீஸ். வலப்பக்கம் வெற்றுக் கட்டம்,
அதில் எங்கள் செக் மொழியில் ஒரு சொல்,
ஒன்றுக்கு மேல் கூடாது.
விதியை எழுதியவள் நான்.

வெண்டுலா விமானம் ஏறியபோது
அவளிடம் கோட்டை இருந்தது, நீதி இருந்தது,
மறுமலர்ச்சிகூட இருந்தது. குழாய் இல்லை.
ஓலொமொவ்ட்ஸ் வகுப்பறையில்
யாருக்கும் குழாய் ஒழுகியதில்லை.

மூன்றாம் மாதம், திரையில்,
கோட்டும் குல்லாயுமாய் உட்கார்ந்திருந்தாள், அறைக்குள்ளே.
பனியில் பிறந்தவள்
குளிரைப் படித்தது கொயிம்ப்ராவில்தான்.
சுவரில் ஹீட்டர் கிடையாது. சுவர் நிறைய புலோர்.
பூசணம்: முக்கால் நொடி.
தொர்நெய்ரா, குழாய்: அரை நொடி.
நீதியில் நின்றுவிட்டாள்.
"தெரிந்த சொல்தான், எங்கோ வைத்துவிட்டேன்" என்றாள்
சாவி தேடுகிறவள்போல் மேசையைப் பார்த்து.
மொத்தத்தில் மூன்று மதிப்பெண் குறைவு.
கோடு ஏறும் என்று
மானியம் கொடுத்தவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்.
இறங்கியது.

ஒன்பதாம் மாதம் தொண்ணூற்றொன்று.
எனக்கு மூச்சு வந்தது.
அம்மாவோடு பேசும்போது
துணிக்கொடிக்குச் செக்கில் என்ன என்று
அவள் தேடிய இடைவெளியில்
லைன் கட்டாகிவிட்டதென நினைத்து
அம்மா ஃபோனை வைத்துவிட்டாராம்.
அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.
எதிரே யாராவது பேசினால்
'பொய்ஷ்' என்று இடையிடையே தலையாட்டக் கற்றிருந்தாள்,
ஆமாம் என்றும், அப்படியா என்றும், மேலே சொல் என்றும்.
அதற்கும் இல்லை.

எழுபத்து மூன்றாவது: ஃபியதோர்.
அதில் மட்டும் ஆறு நிமிடம்.
பிணையாள் என்றால் முடிந்தது.
அவள் தட்டச்சியது:
"அதெலீனு. கீழே கறிக்கடை.
வீட்டுக்காரி பிணைக் கையெழுத்து கேட்டாள்,
ஊரில் எனக்கு யாருமில்லை.
ஐந்து சனிக்கிழமை கோழி ஈரல் வாங்கியிருப்பேன்,
அவ்வளவுதான் பழக்கம்.
ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டுப் போட்டார்.
பத்திரத்தின் ஓரத்தில்
அவர் கட்டைவிரல் கறை இன்னும் இருக்கிறது.
இதற்குச் செக்கில் சொல் இருக்கிறதா?"

இருக்கிறது.
தவறு என்று போட்டேன்.

வெண்டுலா இப்போது
டிராம் கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்க்கிறாள்.
நான்காம் தேர்வுக்கு மதிய இடைவேளையில் வந்தாள்,
கையில் பாதி கடித்த ரொட்டி.
அறுபத்திரண்டு.
"பார்த்தால் அடையாளம் தெரிகிறது,
கூப்பிட்டால் வருவதில்லை, பூனை மாதிரி" என்று சிரித்தாள்.
புலோர் போய்விட்டது.
தொர்நெய்ரா இருந்தது.
நீதி, எந்த வழியாகவோ, திரும்பி வந்திருந்தது.

எழுபத்து மூன்றில் நிற்பாள் என்று
நாற்காலியை முன்னுக்கு இழுத்தேன்.

நிற்கவில்லை.
பிணையாள். ஒரே சொல். ஒன்றேகால் நொடி.
எழுத்துப்பிழை இல்லை.
விசைப்பலகையில் விழுந்த ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டு
எழுபத்து நான்குக்குப் போய்விட்டாள்.

சரி என்று போட்டேன்.
இறங்குகிற கோட்டில்
அந்த ஒரு புள்ளி மட்டும் ஏறியிருக்கிறது.

அதெலீனு என்று ஒருமுறை
உரக்கச் சொல்லிப் பார்க்க நாக்கு வரை வந்தது.
தேர்வு முடியும்வரை துப்பு கொடுக்கக் கூடாது.
அதுவும் நான் எழுதியதுதான்.
முடிந்ததும் அவளுக்கு டிராமுக்கு நேரமாகிவிட்டது.