நாலாம் கன்று

காலபோக விதைப்புக்கு முதல்
பட்டி வயல்வெளியை விட்டுக் கிளம்ப வேணும்.
கமக்காரர் கூட்டத்தில் திகதி குறித்தாயிற்று,
பதினைந்துக்குள்.
எங்கே என்று ஒருவரும் எழுதவில்லை.

பனங்காமத்துக்கு அங்கால்
வன இலாகாவின் மஞ்சள் கல்.
இங்கால் எல்லாம் உழுதாயிற்று,
புல் கல்லுக்குப் பின்னால் நிற்கிறது.
மாடுகளுக்கு வாசிக்கத் தெரியாது;
தண்டத்துண்டு என் பெயருக்கு வரும்.

ஸ்காபரோவிலிருந்து சொந்தக்காரர்
கைபேசியில் தலை எண்ணுகிறார்.
"பால் ஏன் குறைவு, பறுவதம்?"
இரண்டு காம்பு எங்களுக்கு,
இரண்டு கன்றுக்கு அண்ணை.
அது கேட்டு வாங்காது.

மூன்று கன்று அவருக்கு, நாலாவது எனக்கு:
கடதாசி இல்லாத வாரம்.
இந்தமுறை நாலாவது, நெற்றிச்சுட்டிச் சிவலை.
நாகு என்றதும்
அவர் கொஞ்சம் இருமினார்.
பிறகு நெட்வேர்க் அறுந்தது.

குறிசுட எனக்கென்று கம்பி கிடையாது.
வாளிக் கைபிடியை நெருப்பில் வளைத்தேன்.
எழுத்து எதுவும் ஆகவில்லை,
ஓர் அரைவட்டம்.
போதும்.

மழை இருட்டிக்கொண்டு வருகிறது.
எண்பத்தேழு உருப்படி,
ஒன்று என்னுடையது,
கல்லைக் கடக்கின்றன.