சட்டத்துக்குப் புறம்பான கை

புளியமலை வளைவில் விடுதியின் சாப்பாட்டுக் கூடம்.
ஆறடிக்கு நாலடி, தேக்குச் சட்டம்.
கீழே பித்தளைத் தகட்டில் பெயர்: ஏலக்காட்டுத் திருவிழா.
அப்பத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு
வந்தவர்கள் அதன் முன்னால் நின்று
செல்ஃபி எடுக்கிறார்கள்.

திருவிழா இல்லை அது.
போனஸ் கேட்டு ஸ்டோர் வாசலில் உட்கார்ந்த
பதினோராம் நாள்.
கம்பம்மெட்டு செக்போஸ்டில் ஜீப்பைத் திருப்பிவிட்டார்கள்;
நடந்தே ஏறினோம், காட்டுவழி.
தூக்குவாளி மூடியைக் கரண்டியால் தட்டினோம்.
அதைத்தான் ஜால்ரா என்கிறார்கள்.

கோட்டயத்து ஓவியர் நல்ல மனுஷன்.
மழைக்கோட்டோடு மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தார்,
எங்கள் கட்டஞ்சாயாவைக் குடித்தார்.
பேச்சிக்கனி காலில் அட்டை கடித்த ரத்தம்கூட
அப்படியே இருக்கிறது.
மருதாணியாம்.
என் காதுபடச் சொன்னாள் ஒரு சீமாட்டி.

விலை பேசும்போது தொம்மிச்சன் முதலாளி
ஒன்றே ஒன்றுதான் மாற்றச் சொன்னாராம்.
கொடி இருந்த இடத்தில் இப்போது செம்பருத்தி.
இலையில்லாத மூங்கில் கழியில்
செம்பருத்தி பூத்து நான்
வேறெங்கும் பார்த்ததில்லை.

ஏழு பேருக்கு வேலை போனது.
மலையாளத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸை
ஜீப் டிரைவர் படித்துச் சொன்னான்:
போராட்டம் சட்டத்துக்குப் புறம்பானது.
அங்கம்மா திருப்பூருக்குப் போனாள்.
பேச்சிக்கனி மஞ்சள்காமாலையில் போயே போய்விட்டாள்.
நான் இங்கே தட்டு கழுவுகிறேன்,
மாசம் பொறந்தா சீட்டுப் பணம் கட்டணும்.

என்னோடு கழுவுகிறவள் பூல்மணி, ஜார்க்கண்டுக்காரி.
மேசை துடைத்துக்கொண்டே ஒருநாள் எண்ணினாள்.
தலை இருபத்திரண்டு.
கை நாற்பத்தைந்து.
மறுபடி எண்ணினாள்.
"இது யாரோடது?"

வலது ஓரம். மூடி பிடித்த ஒற்றைக் கை,
ஆட்காட்டி விரலில் பழந்துணிக் கட்டு.
"இடம் தீர்ந்துபோச்சு சேச்சி" என்று
அன்றைக்கே வருத்தப்பட்டார் ஓவியர்.
மீதி உடம்பு
சட்டத்துக்கு அந்தப் பக்கம்.

விரலை நீட்டினேன். தழும்பைப் பார்த்தாள்.
ஒன்றும் பேசவில்லை.
சட்டத்தை ஒட்டி, வெள்ளைச் சுவரில்,
அளவெடுக்கிற மாதிரி
தன் கையை வைத்துப் பார்த்தாள்.
சாம்பார் கழுவிய ஈரக் கை.
ஐந்து விரலும் மஞ்சளாய்ப் பதிந்தது.

மேனேஜரின் கார் வளைவில் ஹாரன் அடித்தது.
துடைக்கிற துணி
என் தோளில்தான் கிடந்தது.